காசிம் பாய் கை கொடுக்காத நாள்

போன வெள்ளிக்கிழமை காலை மயிலாப்பூர் தபாலாபீசில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஏகாம்பரம், "சேதி தெரியுமாண்ணே? நம்ம காசிம் பாய் பூட்டாரு," என்றார். கையிலிருந்த கடிதக் கட்டை நான் கீழே வைக்கவில்லை. எப்படி என்று மட்டும் கேட்டேன். "விடியக்காலம் தொழுதாராம். எழுந்து பாயைச் சுருட்டி மூலையில சாத்திட்டு, சுவத்துல சாஞ்சு குந்தினாராம். அவ்ளோதான்," என்றார்.

அவரோடு தபால் சுமந்த உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, பொறாமை. ஒருவரிடமும் ஒரு வாய் தண்ணீர் கேட்காமல், ஒருவர் தோளிலும் தொங்காமல், தொழுத பாயைத் தானே சுருட்டி வைத்துவிட்டு ஒரு மனிதர் போய்விட்டார். அதிலும் என்னை முந்திக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் காசிம் பாயைப் பற்றி நான் எழுதுவதானால் பொறாமையை விட்டுவிட்டு எழுத முடியாது.

உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பதினைந்து வருஷத்துக்கு முன் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தபோது, நம் ஆபீசிலிருந்து நானும் அவரும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மூன்று வாரம் கிடந்தோம். காய்ச்சல் விட்ட பிறகு போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். அது என் கால் இல்லை. தொடையை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் ஒன்றோடொன்று தொட்டன. நாளொன்றுக்கு எட்டு மைல் நடந்த கால்கள் அவை. டாக்டர் வந்து எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "சுரம் போய்விட்டது. படுத்தே கிடந்ததில் தசை வற்றிவிட்டது. அதை இனி நீங்கள்தான் மீட்டுக்கொள்ள வேண்டும்." அதில் முதல் வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது. காசிம் பாய் மூன்றையும் கேட்டிருக்கிறார்.

காய்ச்சலிலும் அவர் தொழுகையை விடவில்லை. முதலில் படுத்தபடியே தலையை மட்டும் அசைப்பார். பிறகு தலையணையில் சாய்ந்து குந்தினார். ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்கு முன்தினம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க நின்றார். "படுத்தபடியே செய்யலாம் என்று உங்கள் மதத்தில் சலுகை இருக்கிறதே, ஏன் பாய் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"சலுகை கீது முதலியாரே. முடியாதவன் படுத்துக்கினு பண்ணலாம். முடிஞ்சவன் நிக்கணும். முடியுதா இல்லியான்னு எனக்குத் தெரியும், மேல கீறவனுக்கும் தெரியும். டாக்டரை ஏமாத்தலாம், அங்க ஏமாத்த முடியாது," என்றார்.

என் மனைவி கமலம் தினமும் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்து எனக்குக் கரண்டியால் ஊட்டுவாள். அந்த நேரத்தில் பாய் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவரோ மனைவியை இழந்தவர். ஒரே மகள் ஆம்பூரில் பாட்டன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். பெண்பிள்ளை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மரியாதை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் தெருவில் இருந்த என் வீட்டுக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். "லங்கணம் பரம ஔஷதம்", பட்டினியே பெரிய மருந்து என்பதில் கமலத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு மண்டலம் பத்தியம். புழுங்கலரிசிக் கஞ்சி, உப்பில் ஊறிய நாரத்தங்காய், மறுபடியும் கஞ்சி. காலைத் தரையில் வைத்தால், "ஐயோ, எதுக்கு எழுந்துக்கிறீங்க? நான் இல்லியா?" என்று ஓடிவருவாள். பல் தேய்க்கத் தண்ணீர் படுக்கைக்கு வந்தது. கொல்லைக்குப் போக அவள் தோள் வந்தது. நாற்பதை எட்டாத ஆண்பிள்ளை, கொல்லைக் கதவுக்கு வெளியே மனைவியை நிறுத்தி வைத்துவிட்டு, எழ முடியாமல் அவளைக் கூப்பிடுவது எப்படியிருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ராஜாபோல வைத்திருக்கிறாள் என்று தெருவே மெச்சியது. ராஜாவுக்குக் கால் மட்டும் வரவில்லை.

கச்சேரி ரோட்டுச் சந்தில் தனியாக இருந்த பாய்க்கு ஊட்டவும் ஆளில்லை, தாங்கவும் ஆளில்லை. தண்ணீர் வேண்டுமானால் குழாயடிக்கு அவர்தான் போக வேண்டும். ஆட்டுக்கால் வாங்கிவந்து அவரே கொதிக்க வைத்துக் குடித்தார். மூன்றாவது வாரம் வேலைக்கு வந்துவிட்டார். வந்தவருக்குக் கிடைத்தது என் தெருக்கள். கிழக்கு மாடவீதியும் தெற்கு மாடவீதியும் என் காலடியில் தேய்ந்தவை. அங்கே என் பையோடு அவர் போய்க்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்கும். "பாய் எம்மா நல்லா நடக்கிறாரு பார்த்தீங்களா," என்பாள் கமலம். அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த ஆள் தடுக்கி விழ மாட்டாரா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

இதற்கு நடுவில் ஒரு வேண்டுதல் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் நான் நூற்றெட்டு தோப்புக்கரணம் போடுவேன் என்று தெருக்கோடிப் பிள்ளையாரிடம் கமலம் என் பேரில் வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ நிற்கவே முடியவில்லை. சாமி குற்றம் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பதிலாக அவளே தினம் பன்னிரண்டு போட ஆரம்பித்தாள். பிள்ளையார் படத்தை என் எதிரில் மாட்டி, நான் பார்க்கும்படியாகக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். ஒரு வாரத்தில் அவள் கால் நன்றாகத் தேறியது. எங்கள் இருவருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

எட்டாவது நாள் கமலம் போட்டுக்கொண்டிருந்தபோது காசிம் பாய் கடிதம் கொடுக்க வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். அவள் முடித்ததும், "இன்னாம்மா இது?" என்று கேட்டார். அவள் விவரம் சொன்னாள்.

"வேண்டுதல் யாரு பேர்ல?"

"அவரு பேர்லதான் பாய்."

"அப்போ காலு மட்டும் உன்னுதா?"

பாய் பையைக் கழற்றி வாசல்படியில் வைத்தார். "கோச்சுக்காதம்மா. தொழுகைக்கு நான் ஒரு நாளைக்கு அஞ்சு வேளை குந்திக் குந்தி எழுந்துக்கணும். அதுலதான் இந்தக் காலு வந்திச்சு. உங்க பிள்ளையாரும் அதையேதான் குடுத்துக்கீறாரு. நீ பூந்து வாங்கிக்கினா அவருக்கு இன்னா மிஞ்சும்? இன்னும் எத்தினி பாக்கி?"

"பன்னெண்டு."

"அதை அவரு போடட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் சுவரைப் பிடித்து நின்றுவிட்டேன். காதைப் பிடித்தேன். உட்கார்ந்தேன், உட்காருவது சுலபம், விழுந்தாலே போதும். எழ முடியவில்லை. தொடை வெடவெடவென்று ஆடியது. கமலம் ஓடிவந்தாள். பாய் குறுக்கே கையை நீட்டினார். "கை குடுக்காதே தங்கச்சி. இன்னிக்கிக் குடுத்தா தெனம் குடுக்கணும். எனக்குக் கொஞ்சம் மோர் இருந்தா கொண்டா."

நான் தரையில் கிடக்க, அவர் வாசல்படியில் உட்கார்ந்து என் வீட்டு மோரை நிதானமாகக் குடித்தார். அந்த மனிதரை அப்போது வெறுத்ததுபோல் என் ஆயுளில் வேறு யாரையும் வெறுத்ததில்லை. என் பையும் என் தெருவும் அவருக்கு, என் மோரும் அவருக்கு. கதவு நிலையைப் பிடித்தேன். ஒரு முழங்காலை ஊன்றினேன். நழுவியது. மறுபடி ஊன்றினேன். அவர் இரண்டாவது டம்ளர் மோர் கேட்பதற்குள் நான் எழுந்து நின்றேன். அவர் சபாஷ் என்றுகூடச் சொல்லவில்லை. "ஒண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பாக்கிப் பதினொன்றை முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அன்று முதல் கமலம் பத்தியத்தையும் தளர்த்தினாள். துவரம்பருப்பும் முட்டையும் வீட்டுக்குள் வந்தன. என்ன நினைத்தாளோ, வேண்டுதல் முடிந்த பிறகும் படத்தைக் கழற்றவில்லை. நானும் நிறுத்தவில்லை. கொல்லைக்குத் தனியாகப் போய் வந்த அன்று, அவள் அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

என் ரஜா முடியும் நாளன்று சொந்தக் காலில் ஆபீசுக்குப் போகாவிட்டால் என் தெருக்கள் நிரந்தரமாக வேறொருவருக்குப் போய்விடும். அன்று காலை கிளம்பினேன். தெருமுனையில் பாய் நின்றிருந்தார். கூட வருவார் என்று நினைத்தேன். அவர் பத்தடி முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் நின்றால் சுருட்டுப் பற்றவைக்கிற பாவனையில் அவரும் நிற்பார். நான் நடந்தால் நடப்பார். கோயில் குளக்கரை முழுக்க அந்த முதுகை எட்டிப் பிடிக்கவேண்டும் என்ற ஒரே வெறியில் நடந்தேன். பிடிக்க முடியவில்லை. ஆனால் ஆபீஸ் வந்துவிட்டது. அவரே என் பையை எடுத்து என் தோளில் மாட்டினார். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த கை.

பிறகு மாம்பலத்தில் தியாகராய நகர் எழும்பியபோது, வீட்டுக்கும் வீட்டுக்கும் அரைக் காதமாகக் கிடந்த அந்தத் தெருக்களை எவரும் ஏற்க முன்வரவில்லை. காசிம் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் மாடவீதியிலேயே இருந்துவிட்டேன். வருஷத்துக்கு வருஷம் அவர் இளைஞனாகிக்கொண்டு வருவதாக எனக்குத் தோன்றும். போன வருஷம் அவர் ஓய்வு பெற்ற அன்று நீங்களெல்லாம் மாலை போட்டுக் கைதட்டினீர்கள். நான் கைதட்டிக்கொண்டே அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஆம்பூரில் வளர்ந்த அந்த மகள் மெகருன்னிசா இப்போது அவரோடுதான் இருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினாள். "நீங்க முதலியார் மாமாதானே? அத்தா உங்களைப் பத்திச் சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல உங்களுக்குக் கஞ்சி ஊட்டுவாங்களாம். அதைப் பார்க்க முடியாம சுவத்துப் பக்கம் திரும்பிக்குவாராம். 'வயித்தெரிச்சல்லதான் எழுந்து நின்னேன், இல்லாட்டி அங்கயே கெடந்திருப்பேன்'னு சிரிப்பாரு."

பதினைந்து வருஷமாக அது மரியாதை என்றல்லவா எண்ணியிருந்தேன்.

அவரைத் தூக்கிச் செல்லும்போது, அவர்கள் வழக்கப்படி ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். நானும் போய் நின்றேன். ஒரு பெரியவர் என் வயதைப் பார்த்துத் தயங்கினார், பிறகு விலகி இடம் கொடுத்தார். கச்சேரி ரோட்டில் நாற்பது அடி சுமந்தேன். என் கால் நடுங்கவில்லை. அன்றுதான் முதல் தடவையாக நான் நடக்க, அவர் நடக்காமல் வந்தார். இத்தனை காலமாக நான் ஆசைப்பட்டது அதுதான். அதில் ஒரு சுகமும் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். காலையில் எழுந்ததும் பிள்ளையார் படத்துக்கு எதிரே பன்னிரண்டு தோப்புக்கரணம். சனிக்கிழமையும் போட்டேன். உட்கார்ந்தவனுக்கு ஒரு கணம் எழத் தோன்றவில்லை. எவரை முந்துவதற்கு எழ வேண்டும் என்று தெரியவில்லை. கமலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கை கொடுக்க வரவில்லை. மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், பாய் அன்று உட்கார்ந்த வாசல்படியில் வைத்தாள். நான் கதவு நிலையைத் தொடாமல் எழுந்தேன்.