அப்பா பார்த்த தீபம்

நனைந்த வைக்கோலின் வாடை மூக்கில் ஏறினால், கூடவே வெல்லப்பாகின் வாசனையும் எனக்கு வந்துவிடும். கார்த்திகைத் தீபத்தன்று உருட்டி வைத்த பொரி உருண்டையைத் தொடக் கூடாமல், எச்சிலை விழுங்கிக்கொண்டு நாங்கள் காத்துக் கிடந்த வாசனை அது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து அண்ணாமலையார் மலை வானத்தோரமாகத் தெரியும். சாயங்காலம் உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம், விரதம் இருப்பவர்கள் அதற்கப்புறம்தான் சாப்பிடுவார்கள்.

அம்மா விரதம் விடாதவள். அப்பாவுக்கோ சாமி கிடையாது. எங்களைக் கோயிலுக்கு வண்டி கட்டி அழைத்துப் போவார், வெளியிலேயே மாட்டோடு நின்றுகொள்வார். "மலை மேல நெய் எரியுது, எரிஞ்சா தெரியத்தான் செய்யும். இதுல சாமி எங்கருந்து வந்துச்சு?" என்பார். "உங்கள யாரு கேட்டா?" என்பாள் அம்மா. அவர் விளையாட்டுக்கும் பொய் சொல்ல மாட்டார். மாட்டை விற்கும்போதுகூட, அது உதைக்கும் என்பதை வாங்க வந்தவனிடம் தானே சொல்லிவிடுவார்.

நான் நான்காவது படித்த வருஷம், "டைபாய்டு" வந்து எழுந்த உடம்போடு அம்மா விரதம் இருந்தாள். அன்று பார்த்து, மழை விட்டும் மேகம் விடவில்லை; மலை இருந்த இடமே தெரியவில்லை. இருட்டிய பிறகும் அம்மா வாசல் தூணில் சாய்ந்து, நாக்கு உலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அப்பா கஞ்சியை நீட்டினார்.

"தீபம் பாக்காம பல்லுல தண்ணி படாது."

"மேகம் இப்போதைக்குக் கலையாது. செத்துக்கித்துப் போயிடப் போறடி."

"போனா போறேன்."

அப்பா கஞ்சியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வைக்கோற்போர் மேல் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். வெகுநேரம் மலைப்பக்கம் பார்த்தபடி நின்றவர், "தெரியுது! தோ, உச்சியில தெரியுது!" என்று கத்தினார். எனக்கு மேகம்தான் தெரிந்தது. அவர் உயரம் நமக்கில்லையே என்று நினைத்துக்கொண்டேன், கேட்கக் கூச்சம்.

"அரோகரா போட்டீங்களா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் உன் வேலை. நீ கஞ்சியக் குடி."

அம்மா மலைப்பக்கம் கும்பிட்டுவிட்டுக் குடித்தாள். "சாமி இல்லைங்கறவரே பாத்துட்டாரு, இன்னும் இன்னா சாட்சி வேணும்?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னாலேயே பொரி உருண்டையை எடுத்துத் தின்கிற அப்பா, அன்று அதைத் தொடவே இல்லை.

அப்பா காலமாகி வெகுகாலம் கழித்து, அம்மாவோடு வேர்க்கடலை உரிக்கும்போது, "அன்னிக்கு மேகந்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?" என்றாள்.

"அப்புறம் எதுக்குக் குடிச்ச?"

"அந்த மனுஷன் வாயால வந்துச்சே."

அடுத்த கடலையை எடுத்து உரித்தாள். ஒருவேளை மேகம் கொஞ்சம் விலகி அவருக்கு மட்டும் தெரிந்ததோ என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது திருவண்ணாமலையிலேயே, செங்கம் ரோட்டுப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். வைக்கோற்போர் ஏது? மழையோ மேகமோ, தீபம் ஏற்றிய நிமிஷமே மருமகள் செல்போனைக் காட்டிவிடுகிறாள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நானும் அதைப் பார்த்துக் கும்பிடுகிறேன். போன வருஷம் நல்ல மேகம். கும்பிட்டுவிட்டு மெதுவாக மாடி ஏறி நின்றேன்.

"போன்லதான் பாத்தாச்சே, இந்த மேகத்துல அங்க இன்னா அத்த தெரியுது?" என்று மருமகள் கீழேயிருந்து கேட்டாள்.

"தெரியுது" என்றேன்.