பச்சை மையில் ஒரு குறிப்பு

‘மனுதாரர் தொடர்ந்து பொய் மனு கொடுப்பவர்.’ கணினித் திரையில் இந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், வீட்டுமனைப் பட்டா கேட்டுக் கொடுத்த மனு அது. ஊர் எங்கள் தாலுகாவிலேயே இருக்கும் ஆரணிப் பக்கம். நான் தாலுகா ஆபீஸில் மனுப் பிரிவு உதவியாளர். மனுக்களைப் படித்துச் சுருக்கித் தரும் ஏஐ வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது தரும் நாலு வரியைப் பார்த்துத்தான் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அந்தப் பெண் எழுதிய மனுவை எடுத்து இரண்டு தடவை படித்தேன். பொய் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

கணினி ஆபரேட்டர் மேல்தான் சந்தேகம் போனது. சோழவரத்துக்காரர். யாரோ சொல்லி இந்த வரியை நுழைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"இந்த வரிய யார் அடிச்சது?"

"நான் இல்ல மேடம். அதுவா எழுதிக்கினு வந்துச்சு."

"உங்களுக்குத் தெரியாம எப்படி வரும்?"

அவர் முகம் சுண்டிப்போனது. "இன்னா மேடம், இத்தினி வருசமா என்னப் பாக்கறீங்க..." என்றவர், ஏஐ படிப்பதற்காக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்த பழைய ஃபைல்களைத் திறந்தார். மதியம்வரை இருவரும் தேடினோம். ஒரு பக்கத்தின் ஓரத்தில், எப்போதோ இருந்த அதிகாரி பச்சை மையில் எழுதியிருந்தார்: ‘பொய் மனு. இவருக்கு இது வழக்கம்.’ மனுதாரர் பெயர் அதேதான். ஆனால் ஊர் மீஞ்சூர், வயது அப்போதே அறுபது. எங்கள் மனுதாரருக்கு இப்போதுதான் முப்பத்தைந்து.

இரண்டு காகிதத்தையும் தாசில்தாரிடம் கொண்டுபோனேன். அந்தச் சுருக்கத்தை நம்பி, மனுவைத் தள்ளுபடி செய்து முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தார்; நல்லவேளை, உத்தரவு இன்னும் தபாலில் போகவில்லை. அதை ரத்து செய்து, அந்தப் பெண்ணை நேரில் வரவழைத்து விசாரிக்கச் சொன்னார். பழைய குறிப்புப் பக்கங்களை ஏஐக்குக் கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

அந்தப் பெண் வந்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"என்னுது மாட்டிக்கிச்சு. மாட்டாம போனது எத்தினி மனு, அக்கா?" என்றார்.

அன்றைக்கே மூன்று மாதச் சுருக்கங்களை மூலமனுக்களோடு வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நாலாம் நாள் இதேபோல் தப்பான இன்னொன்று கிடைத்தது.

ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றார். ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு சுருக்கத்தையும் அச்செடுத்து, என் கையெழுத்து வாங்கிய பிறகே அனுப்புகிறார்.