ரோஜாவுக்கு வந்த முட்டை

இன்று சித்தூரில் என் பேத்தி ரோஜா வீட்டில் இருந்தவர்கள்: நான், ரோஜா, அவளுடைய பச்சைக்குழந்தை, மாமியார் சுகுணா, புருஷன் முரளி.

ரோஜாவுக்காக அங்கன்வாடியில் கொடுத்த முட்டைகளை அவித்து, சுகுணா மகன் தட்டில் வைத்தாள். ரோஜாவுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும்தான்.

"ஏம்மா, இவளுக்கு ரத்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாங்களே?" என்றேன்.

"பால் குடுக்கிறவ முட்டை துன்னா குழந்தைக்கு மாந்தம் வரும், பெரிம்மா. நீங்க புள்ள பெத்ததில்லையா?"

கை கழுவ எழுந்த ரோஜா, கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்பை இப்படித் தள்ளு, ஆயா" என்றான் முரளி என்னிடம்.

சுகுணாவுக்குத் தன் மாமியார் சொன்னது மட்டும்தான் தெரியும். இனி வரும் முட்டையும் இதே தட்டுக்குத்தான் போகும். இதைப் படிக்கும் நீங்கள் யாரை வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே நின்று தலையாட்டியவனை நான் மன்னிக்க மாட்டேன். அவன் முரளி.