ஏழு தரம் கழுவிய நெஞ்சுக் கவசம்

ஒரு சாமான் கொடுத்த விலைக்கு உழைத்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இத்தனை வருடமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

என் மாப்பிள்ளைக்கு, அதாவது என்னைக் கட்டியவருக்கு, கராத்தேப் பைத்தியம். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கம் அந்தப் பைத்தியம் பலருக்கும் பிடித்திருந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளை உடுப்போடு கூடிவிடுவார்கள். நெஞ்சுக்குக் கட்டுவது, பழைய சாக்குக்குள் தென்னந்தும்பை அடைத்துத் தைத்த ஒரு மெத்தை. ஒரு சதம் செலவில்லை. இரண்டு வருடம் உழைத்தது. அதைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் இவருக்கு இடப்பக்க விலா எலும்பு வெடித்தது. மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதே இடத்தில் இன்னொரு தரம் அடிபட்டால் எலும்பு உள்ளே குத்திவிடும் என்றார் டாக்டர். கராத்தேயை விடச் சொல்லி அழுதேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்காமலும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு என்னுடையது, ஆனால் விலா எலும்பு அவருடையதாம்! கடைசியில் என் தங்கக் காப்பு இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். கப்பலில் வேலை செய்த ஒருவர் மூலம் வெளிநாட்டுக் கவசம் ஒன்று வந்தது. கறுப்பு, பளபளப்பு, முதுகில் வார், உள்ளே தடித்த ஸ்பொஞ்.

“இருவது வருஷம் உழைக்கும் புள்ள,” என்றார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவர் வயலுக்குப் போயிருந்த ஒரு பகலில், பக்கத்து வளவில் இருக்கும் என் ராத்தா, மூத்த சகோதரி, வந்தார். சுவரில் தொங்கிய கவசத்தைக் கண்டதும் கிட்டப் போகாமலே நின்றார்.

“இதென்ன தோல் புள்ள?”

“தெரியா ராத்தா. சீனாப் பக்கத்துச் சாமானாம்.”

“அவங்க பண்டித் தோல்லயும் சாமான் செய்வாங்களாம். நீ இந்த அறைக்குள்ளயா தொழுறாய்?”

மாப்பிள்ளையின் வியர்வை அதில் பட்டிருக்கும். அந்த உடம்போடு பாயில் படுத்திருப்பார். அந்தப் பாயில் நானும் படுத்தேன். பன்றி பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வளவில் கிடப்பதோ கடற்கரை மணல். அது போதுமா என்று ஒரு சந்தேகம். அடுப்புப் போடுவதற்காக வாப்பா நாவிதன்வெளி வயலிலிருந்து கொண்டுவந்த களிமண் ஒரு மூடை கிடந்தது. அதைக் குழம்பாகக் கரைத்தேன். வெளியே மட்டும் கழுவி என்ன பயன் என்று, கவசத்தின் தையலைக் கொஞ்சம் பிரித்து உள்ளேயும் ஊற்றிப் பிசைந்தேன். பிறகு கிணற்றடியில் ஆறு தரம் அலசி, தையலை மூடி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். பாய், தலையணை, அவருடைய உடுப்பு எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

அதற்குப் பிறகுதான் வாப்பா பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுவந்தார். பன்றித் தோல் என்றால் எத்தனை தரம் கழுவினாலும் அது சுத்தமாகாதாம். பன்றித் தோல் இல்லையென்றால் கழுவவே தேவையில்லையாம். அப்படியென்றால் நான் என்னதான் செய்தேன்? அன்று வயலிலிருந்து வந்த மாப்பிள்ளை கவசத்தின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கி நெருப்பில் காட்டினார். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம்.

“றெக்சின் புள்ள இது. தோலே இல்ல,” என்று விழுந்து விழுந்து சிரித்தார். தூக்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பாரமாத்தான் கிடக்கு. ஈரம் போகல்ல போல,” என்றார்.

அடுத்த கிழமை போட்டி. எதிரே நின்றது பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பொடியன் ஒருவன். அவனுடைய முதல் உதையே இவருடைய இடப்பக்க விலாவுக்குத்தான் வந்ததாம். உதைத்தவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழும்பவில்லை. பாதத்தில் எலும்பு முறிவு. இவருக்கு வெற்றி, கையில் ஒரு கப்.

வீட்டுக்கு வந்து கவசத்தைக் கழற்றினார். றெக்சின் நீளமாகக் கிழிந்திருந்தது. உள்ளே ஸ்பொஞ்சோடு ஊறிக் காய்ந்த களிமண், செங்கல் மாதிரி, கட்டி கட்டியாக நிலத்தில் விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவருடைய விலா தப்பிய சந்தோஷம். அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“ஒருத்தருக்கும் சொல்லாத,” என்றார். கப்பை அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். அதற்குப் பிறகு மைதானத்துக்கும் போகவில்லை.

என் காப்பு இரண்டுக்கும் கிடைத்தது ஓர் உதை. அது மலிவா, விலை கூடவா? காத்தது கவசமா, களிமண்ணா? மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

சில மாதம் கழித்து எங்கள் வாசல் கடப்படியில் மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். இளம் ஆள். இறங்கும்போது ஒரு காலை மெதுவாக ஊன்றினார். என் மாப்பிள்ளையை அண்ணன் முறையில் கேட்டார்.

“காக்கா இருக்காரா அக்கா? போட்டியில அவரோட அடிச்சது நான்தான்.”

முக்காட்டை இழுத்துவிட்டேன். “அவர் வயலுக்குப் போயிட்டார் தம்பி.”

“அவர்ட கவசம் எங்க வாங்கினதெண்டு கேக்க வந்தன். என்ட தம்பி பழகுறான். நல்ல சாமான். எவ்வளவு காலம் உழைக்கும் அக்கா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ராத்தா சொன்னதையும், களிமண்ணையும், தையலைப் பிரித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டட்டும், சைக்கிளைத் திருப்பட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவர் தன்னுடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எலும்பு இளக்கம், உதைக்கத் தெரியாதவன் எண்டு எல்லாரும் சொல்லித்தான் நான் கராத்தேய விட்டன்,” என்றார். “அப்ப, என்ட உதையில பிழை இல்லயா அக்கா?”