சிவந்தது: பத்து வாக்கியங்கள்

போன வாரம் என் மகளின் உள்ளங்கையை நான் அப்படித் தேய்த்திருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யாரோ அவளுக்கு மருதாணி வைத்துவிட்டார்கள். அவள் பள்ளியில் அதற்கு அனுமதியில்லை. வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். "வலிக்குதும்மா" என்று அவள் கத்தி அழுத பிறகுதான் நிறுத்தினேன். அறை முழுக்க எலுமிச்சை வாசனை. அந்த வாசனையில்தான் இன்னொரு கை நினைவுக்கு வந்தது.

அப்போது நான் ராஜபாளையத்தில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பட்டாளத்தில் இருந்தார். அம்மா ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளுத்த துணியை வெட்டிச் சுருட்டித் தாளில் பொதிய வேண்டும். அங்கே பெண்கள் கையில் மருதாணி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியில் கடுகளவு சிவப்பு ஒட்டினாலும் மொத்தமும் திரும்பி வந்துவிடுமாம். முந்தின வருடம், தங்கை கல்யாணத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டு வந்த ஓர் அக்காவை, நிறம் போன பிறகு வா என்று அனுப்பினார்கள். நிறம் போய் அவள் வந்தபோது, அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஆடிப்பூரத்துக்கு ஒரு வாரம் இருந்தது. தமிழ் டீச்சர் 'சிவந்தது' என்ற சொல்லை வைத்துப் பத்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார்.

"வானம் சிவந்தது, ரோஜா சிவந்ததுன்னு எவளாவது எழுதிட்டு வந்தீங்க, நோட்டு வெளிய பறக்கும். வீட்ல கண்ணால பாத்தத எழுதணும்."

நான் தேடித் தேடி எழுதினேன். எறும்பு கடித்து என் கால் சிவந்தது. வெற்றிலை போட்டுப் பால்காரரின் வாய் சிவந்தது. அடுப்பு ஊதி அம்மாவின் கண் சிவந்தது. சனிக்கிழமைக்குள் ஒன்பது தேறிவிட்டது. என் பக்கத்தில் உட்காருகிறவள் பத்தும் முடித்திருந்தாள். மருதாணியால் அவள் அம்மாவின் கை சிவந்தது என்பது அவளுடைய பத்தாவது.

"நீ இத எழுத முடியாதுல்ல," என்றாள். "கை நல்லா செவந்தா வீட்டுக்காரருக்கு ஆசை சாஸ்தின்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு எம்புட்டு செவந்திருக்கு தெரியுமா? ஒங்கப்பா லெட்டர்கூடப் போடலயாம்ல?"

அது உண்மை. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் தெருவைத் தாண்டிப் போகும்வரை அம்மா வாசலில் எதையாவது கூட்டிக்கொண்டே நிற்பாள். என் பத்தாவது வாக்கியம் எது என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மார்க்குக்காக மட்டும் இல்லை. கம்பெனி ஞாபகமும் வரத்தான் செய்தது. சோப்புப் போட்டால் போகாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடிவாதத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அசந்து தூங்கினாள். பள்ளிக்கூட வேலியில் பறித்த இலையைக் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்து வந்தேன். இடது கை தலைக்கு அடியில் இருந்தது. வலது கை பாயில் விரிந்து கிடந்தது. ஐந்து விரலுக்கும் தொப்பி வைத்தேன், நடுவில் ஒரு வட்டம். அம்மா ஒருமுறை முனகினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் அடங்கியதும் வட்டத்தை முடித்தேன்.

பொழுது சாயும்போதுதான் விழித்தாள்.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

ஓடிப்போய்த் தண்ணீரில் கையை விட்டாள். பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கருஞ்சிவப்பு. பக்கத்து சீட்டுக்காரியின் அம்மாவுக்கெல்லாம் இப்படி வந்திருக்காது. அம்மா விரல் விரலாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். விழவில்லை.

அப்புறம் தேய்க்க ஆரம்பித்தாள். எலுமிச்சைத் தோல், சாம்பல், தேங்காய் நார், கடைசியில் பிளீச்சிங் பவுடர். நான் அழுதேன். "நீ போய் சோத்தத் தின்னு" என்றாள்.

காலையில் அவள் மோதிர விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. என்னால்தான் அவளுக்குத் தோல் உரிந்துவிட்டது என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கம்பெனி கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். சூப்பர்வைசர் அம்மா ஒவ்வொருத்தியின் கையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் முறை வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"அவியளுக்குத் தெரியாது. தூங்கும்போது நான்தான் மருதாணி வச்சேன். எங்கம்மாவ அனுப்பிராதீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருதாணி வெளிறி, தோல் புண்ணாகியிருந்தது.

"வெரல்ல என்ன கட்டு?"

"அருவாமனை கிழிச்சிருச்சுக்கா," என்றாள் அம்மா.

எனக்காகத்தான் அம்மா பொய் சொல்கிறாள் என்று புரிந்ததால் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, போ. கட்டு அவுறாமப் பாத்துக்க. ஒம்மக பெரிய வக்கீலால்ல வருவா போலிருக்கு."

அன்று வகுப்பில் பத்தாவது வாக்கியத்தை எழுதினேன். தேய்த்துத் தேய்த்து அம்மாவின் கை சிவந்தது. டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். சரி போட்டுவிட்டு நோட்டைக் கையிலேயே கொடுத்தார்.

ஆடிப்பூரத்தன்று கம்பெனிக்கு லீவு. பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தேர் திரும்புகிற இடத்தில் நல்ல நெரிசல். தேர் பக்கத்தில் வந்ததும் அம்மா விரல் கட்டை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அந்த விரல் நுனி மட்டும் கறுக்கிற அளவுக்குச் சிவந்திருந்தது. கீறல்கூட இல்லை.

"காயம் எங்கம்மா?"

"ஆறிப்போச்சுட்டி."

எனக்குப் பெரிய நிம்மதி. கட்டுக்குள் இருந்ததால் அந்த விரலைத் தேய்க்க முடியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த விரலை வெயிலில் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ராஜபாளையம் வரப்போகும்போது இடுப்பிலிருந்த துணியை எடுத்து மறுபடியும் சுற்றினாள்.

"ஆறிப்போச்சுன்னியேம்மா?"

"நாளைக்கு வேலைக்குப் போகணும்ல."

ஆறிய காயத்துக்கு எதற்குக் கட்டு என்று எனக்கு விளங்கவில்லை. பேண்டேஜ் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன்.