வால்வுக்காரரின் தண்ணீர் பாட்டில்

யேசுரத்தினம் எந்த வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். கல்யாண வீடானாலும் சரி, துட்டி வீடானாலும் சரி, தம்ளரை நீட்டினால் கும்பிடுவதுபோல் கையைச் சேர்த்துக்கொண்டு, "இப்பதான் குடிச்சேன்" என்பார். மொபெட்டின் கைப்பிடியில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பாட்டில் தொங்கும். தாகம் எடுத்தால் அதுதான். காலையில் அதை நிரப்பிக் கொடுப்பது அவர் மனைவி நேசம்மாள். பாட்டில் எத்தனையோ மாறிவிட்டது. பழக்கம் மாறவில்லை.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் பொறுப்பு. குளத்தங்கரைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்ற வேண்டும், பிறகு தெருத்தெருவாக வால்வைத் திறந்துவிட வேண்டும். முட்டத்துக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில், சி.எஸ்.ஐ. கோயிலைச் சுற்றி மேட்டுத் தெரு. அங்கிருந்து இறங்கினால் மீன்பிடிக்கிறவர்கள் இருக்கும் கடப்புறம். குழாயும் அதே வழியாகத்தான் இறங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல வெயிலில், மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள், மோர் கொடுத்த தெருவுக்குத் தண்ணீர் கூடுதல் என்று கடப்புறம் முழுக்கப் பேச்சு. அன்றோடு நிறுத்தினார்.

"ஒரு சாயாவாவது குடிச்சா என்ன?" என்று நேசம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"சாயாவிலயும் தண்ணிதானே கெடக்கு?"

இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. ஆனாலும் நேசம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறவர் தன் கையால் மட்டும்தான் வாங்கிக் குடிக்கிறார்.

முன்பெல்லாம் கடப்புறத்துக்காரர்கள் இவரை அவ்வளவாக எதிர்பார்த்ததில்லை. மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். பெரிய புயல் அடித்த வருஷம் கடல் தெருவுக்குள் ஏறி வந்து, கிணறுகளையெல்லாம் உப்பாக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் நாலு தென்னையை விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கிறது. இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. மழையும் பழைய மழை இல்லை. ஆனியிலும் ஐப்பசியிலும் நின்று நிதானமாகப் பெய்தது, இப்போது ஒரே நாளில் ஊரை முக்கிவிட்டு மாதக்கணக்கில் ஆளைக் காணோம். சித்திரையில் வற்றும் குளம் மாசியிலேயே சேறாகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர், வாரத்துக்கு ஒரு முறை என்று ஆனது.

ஒரே மகள் ஜாஸ்மியை மேட்டுத் தெருவிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் பெனிஷுக்கு வளைகுடாவில் வேலை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பெரிய கம்பெனி.

"அங்க கடலைக் குடிதண்ணி ஆக்குகான். இங்க கடல் நம்ம குடிதண்ணிய உப்பாக்குகு. அவனுக்க கம்பெனிக்காரன ஒருக்கா இந்தப் பக்கம் வரச் சொல்லப்பிடாதா?" என்று யேசுரத்தினம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தண்ணீர் அங்கே பெரிய வீடுகளின் நீச்சல் குளத்துக்கும் சாலையோரப் புல்லுக்கும் போகிறதாம். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பெனிஷும் கூட்டாளிகளும் தங்கும் கேம்பில், குளிக்க வாளியோடு வரிசையில் நிற்க வேண்டுமாம். வீடு கட்டும்போது அவன் போனில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "எனக்க வீட்டில குழாயத் திறந்தா தண்ணி தலையில கொட்டணும்." வீட்டு வேலை முடிந்து, புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு அவனும் வந்துவிட்டுப் போனான். தண்ணீர் வரும் நாளில் மட்டும் யேசுரத்தினம் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மிதித்தால் பேச்சு வரும்.

இந்தக் கோடையில் கடப்புறத்துக் குழாய்கள் இருமத் தொடங்கின. இருமும், நூல்போல ஒழுகும், நின்றுவிடும். யேசுரத்தினம் வால்வை எப்போதும்போலத்தான் திறந்தார். தண்ணீர் எங்கே போகிறதென்று அவருக்குப் பிடிபடவில்லை. கடப்புறத்தின் கடைசி வீட்டு லீமா ஒருநாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்களுக்க குழாயில காத்து நல்லா வருது. பிள்ளையக் குளிப்பாட்டினா அதில முடி காயவைக்கலாம். குடிக்க வெள்ளம் எப்ப வரும்?"

"எங்கயோ ஓட்டை இருக்கு லீமா. கண்டுபிடிச்சிருவேன்."

"லாரித் தண்ணி வாங்கி வாங்கி எனக்க மாப்பிள்ள கடல்ல பிடிக்க மீனெல்லாம் அதுக்கே போவுது. இந்த முறையும் வரல்லேன்னா, அடுத்த முறைக்குக் குடத்தோட ரோட்டில இருப்போம். வேற ஆளப் போடுங்கன்னு சொல்லுவோம். உங்கள எனக்குப் பிடிக்கும் அண்ணே. பிடிச்சு என்ன செய்ய? உங்களக் குடிக்க முடியுமா?"

அவர் சிரித்தார். ஆனால் வேலை போவதைவிட, பட்சபாதக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதுதான் அவரைத் தின்றது. அந்த முறைக்கான தண்ணீர் நாளில் வால்வைத் திறந்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்பினார்.

அதே நேரம் நேசம்மாள் மகளுக்கு அரைச் சக்கைப்பழம் எடுத்துக்கொண்டு போனாள். கேட்டைத் திறந்ததும் காலடியில் ஒரு முனகல் கேட்டது. மதில் ஓரம் ஒரு சிமெண்டுப் பலகை, அதன்மேல் நாலு குரோட்டன் தொட்டிகள். இலைகள் காற்றில்லாமலே நடுங்கிக்கொண்டிருந்தன. நேசம்மாள் குனிந்து பலகையில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை அதிர்ந்தது. தெருக்குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார். மேலே உறிஞ்சினால் கீழே காற்றுதான் வரும். இத்தனை வருஷம் வால்வுக்காரரோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா?

"ஏட்டி, இது எப்ப வச்சது?"

ஜாஸ்மி வந்து கேட்டைச் சாத்தினாள். "பால் காய்ச்சுக்கு முன்னாடியே வச்சாச்சு அம்மா. அவங்க கருங்கல் ஜங்ஷனில போய் வாங்கி வச்சாங்க. இந்தத் தெருவில இப்ப வைக்காத வீடு ஏது?"

"உங்க அப்பாக்க வேல என்னன்னு நீ மறந்துட்டியா?"

"முதல்ல ஒண்ணு ரெண்டு பேருதான் வச்சிருந்தாங்க. நான் வச்ச பொறவு எல்லாருக்கும் தைரியம் வந்துட்டு. இப்ப எடுத்தா நான் மட்டும்தான் வாளி தூக்கணும். அப்பாட்ட சொல்லிராதீங்க அம்மா. தாங்கமாட்டாங்க."

மகள் அழுதால் நேசம்மாளுக்குத் தாங்காது. "சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் யேசுரத்தினம் முழங்கால்வரை சேறோடு வந்தார். கோயில் முக்கில் தோண்டியிருக்கிறார், பள்ளிக்கூடத்துப் பக்கமும் தோண்டியிருக்கிறார். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. கடப்புறத்துக்கும் தண்ணீர் போகவில்லை.

"எனக்கு வயசாயிட்டு போல நேசம். தண்ணி போற வழி எனக்கே தெரியல்ல."

நேசம்மாள் குனிந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த தண்ணீர் நாள்வரை மகளுக்குக் கொடுத்த வாக்கோடு சோறாக்கினாள், அதோடு கோயிலுக்குப் போனாள்.

அந்த நாள் வந்தது. யேசுரத்தினம் மொபெட்டை எடுத்தார். கைப்பிடியில் பாட்டில் காலியாகத் தொங்கியது.

"நேசம், பாட்டில நிறைக்க மறந்துட்டியே."

"மறக்கல்ல. இன்னைக்கு ஜாஸ்மி வீட்டில குடியுங்க."

"உனக்குப் பைத்தியமா? தண்ணி நாளில நான் அங்க..."

"வால்வத் திறந்த பொறவு போங்க. போய் மதில் ஓரமா கொஞ்சம் நில்லுங்க. பொறவு குடியுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். வண்டி கிளம்பியதும் நேசம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

அவள் போய்ச் சேரும்போது யேசுரத்தினம் குரோட்டன் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். செடி ஒடியாமல், அவ்வளவு பதனமாக. ஜாஸ்மி நடையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்து மக்கா" என்றார். அவள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். முனகல் நின்றது.

"அப்பா, அவங்க ஆசையா..."

"தெரியும். அங்க வாளியோட நிக்க பய, வீட்டிலயாவது நல்லா குளிக்கணும்னு நெனச்சான். தப்புச் சொல்ல முடியல்ல." பலகையின்மேலேயே உட்கார்ந்தார். "தண்ணி கொண்டா. உனக்க அம்மை இன்னைக்குப் பாட்டில் தரல்ல."

ஜாஸ்மி தம்ளரைக் கொண்டுவந்தாள். வருஷக்கணக்காக வேறு வீட்டில் ஒரு வாய் நனைக்காத மனுஷன், மகள் கையால் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து மோட்டாரைக் கழற்றினார்.

அதை மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, மேட்டுத் தெரு வழியாக மெதுவாக ஓட்டிப் போனார். ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் ஆள் வந்து பார்த்தது. பார்த்த சில வீடுகளில் உள்ளே போய் சுவிட்சை அணைத்தார்கள். சில வீடுகளில் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

கடப்புறத்து முக்கில் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். லீமா எழுந்து வந்து வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, மீன் யாவாரம் தொடங்கியாச்சா?"

"மோட்டார். எனக்க மகளுக்க வீட்டில இருந்தது."

அடக்கமாட்டாமல் யாரோ ஒருத்தி தெருக்குழாயைத் திருகினாள். இருமியது. பிறகு மெல்லிசாக, விரல் தடிமனில் தண்ணீர் விழுந்தது. குடங்கள் ரோட்டைவிட்டு எழுந்து குழாயடிக்கு ஓடின.

லீமா மட்டும் அவர் பக்கத்தில் நின்றாள். "குடிக்க வெள்ளம் தாறேன் அண்ணே. இன்னைக்காவது குடிப்பீங்களா?"

"இப்பதான் குடிச்சேன்" என்றார் யேசுரத்தினம். அன்றைக்கு அது உண்மை.

பெனிஷ் ஒரு மாதம் மாமனாரிடம் பேசவில்லை. இப்போது பேசுகிறான். மோட்டார் சாக்கில் சுற்றி நேசம்மாளின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஜாஸ்மி வாளியில் பிடித்துக் கொள்கிறாள். மேட்டுத் தெருவில் சிலர் மோட்டாரை எடுத்துவிட்டார்கள், பலர் எடுக்கவில்லை. குளம் இந்த வருஷமும் மாசியிலேயே வற்றியது. கடப்புறத்தில் சில வாரம் கடைசி வீடுவரை தண்ணீர் போகிறது, சில வாரம் லீமா லாரிக்குக் காத்திருக்கிறாள். வால்வைத் திறப்பது இன்னும் யேசுரத்தினம்தான். பாட்டிலை நேசம்மாள் நிரப்பிக் கொடுக்கிறாள்.