வேபிரிட்ஜ் கேபினில் சொருகியிருந்த போன்

"பிங் போகுது, ஆனா புரோகிராம் சேரமாட்டேங்குது"ன்னு யாராவது சொன்னா எனக்கு இன்னைக்கும் சுர்ருனு கோபம் ஏறும். கோபம் அடங்கினதும் கும்மிடிப்பூண்டி ஞாபகம் வந்துடும். அப்புறம் அன்னைக்கு வேலை ஓடின மாதிரிதான்.

அப்ப நான் திருநின்றவூர்லேர்ந்து தினம் ரயிலேறி, பேசின் பிரிட்ஜ்ல இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறிப் போவேன். தொழிற்பேட்டையில ஒரு இரும்பு உருக்காலை. பழைய இரும்பு ஏத்திக்கினு லாரிங்க உள்ள வரும், கம்பியா வெளிய போவும். அங்க கம்ப்யூட்டர்ல எது கெட்டாலும் நான்தான். ஒரு தடவை ஃபேன் ஓடலன்னு கூட கூப்பிட்டாங்க. திட்டிக்கினே போய் நின்னேன். இப்ப வீட்லயே ஏசியில உக்காந்து, எந்த ஊர்ல இருக்குன்னே தெரியாத சர்வரைப் பார்த்துக்கறேன். அந்தத் துரு வாசனைக்கு மனசு கிடந்து ஏங்குது. சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க.

ஆலையில வாசல் கேட், ஸ்டோர், உலை, ஆபீஸ்னு இடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். எல்லாத்துலயும் எங்க ஜாவா புரோகிராம் ஓடும். ஒண்ணோட விலாசம் இன்னொண்ணுக்குத் தெரியாது. எழுந்ததும் ஒயர்ல "யாருப்பா இருக்கீங்க?"ன்னு ஒரு குரல் விடும். மத்ததுங்க "இங்க இருக்கோம்"னு பதில் சொல்லும், சேர்ந்துக்கும். சேர்ந்தாதான் வேலை நடக்கும். எல்லாமே லினக்ஸ். லாரியை ஏத்தி எடை போடற வேபிரிட்ஜ் கேபின்ல மட்டும் விண்டோஸ், ஏன்னா அந்த எடைக் கருவி வேற எதோடவும் பேசாது.

அந்த கேபின்ல ஒரு அண்ணன் இருந்தார். பொன்னேரிப் பக்கம் கிராமம். வயக்காட்டுல கூலிக்குப் போன குடும்பத்துல முதல்ல கம்பெனிக்குள்ள வந்த ஆள். என்னைவிட ரொம்ப மூத்தவர், ஆனா மேடம்னுதான் கூப்பிடுவார். பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு, இன்ஜினியரிங் சேர்க்கப் போறேன்னு எடை போட வர டிரைவர் ஒருத்தரை விடாம சொல்லி வெச்சிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்துச்சு. லினக்ஸ் மெஷினுங்க எழுந்து ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிச்சிடுச்சுங்க. வேபிரிட்ஜ் மட்டும் 'சர்வீஸ் கிடைக்கவில்லை'ன்னு சிவப்பா எழுதிக்கினு நின்னுச்சு. எடை ஏறலன்னா லாரி உள்ள வராது. லைன் மெயின் ரோடு வரைக்கும் போயிடுச்சு. ஆந்திரா டிரைவருங்க "இன்னா நைனா இது"ன்னு இறங்கி வந்துட்டாங்க. மேனேஜர் எனக்கு முன்னாடியே வந்து கேபின் வாசல்ல போன்ல யாரையோ காய்ச்சிக்கினு இருந்தார்.

ஆபீஸ் சர்வர் பதில் சொல்லுதான்னு பிங் அடிச்சுப் பார்த்தேன், ஜம்முனு போச்சு. வெளி ஆளைத் தடுக்கற ஃபயர்வாலை நிறுத்தினேன், ஊஹூம். அதே ஒயரைப் புடுங்கி என்னோட லினக்ஸ் லேப்டாப்ல சொருகினேன், கண் மூடித் திறக்கறதுக்குள்ள சேர்ந்துடுச்சு. ஒயர் நல்லா இருக்கு, சர்வர் நல்லா இருக்கு, இந்த விண்டோஸ் சனியனுக்கு மட்டும் இன்னா கேடுன்னு வாய் விட்டே திட்டினேன். அண்ணன் வழக்கமா சிரிப்பார். அன்னைக்கு சிரிக்கல. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கினு இருந்தது.

கடைசியா, உனக்கு எத்தனை நெட்வொர்க் இருக்குன்னு ஜாவாகிட்டயே கேட்டேன். ரெண்டுன்னு சொல்லுச்சு. ஒண்ணுதானே இருக்கணும்? இன்னொண்ணோட நம்பர் எங்க ஆலை நம்பரே இல்ல. அப்பதான் புரிஞ்சுது. பிங்குக்குப் போற விலாசம் தெரியும், அதனால சரியான ஒயர்ல போயிடுது. "யாருப்பா இருக்கீங்க"ன்னு பொதுவா கூவுறது மட்டும், விண்டோஸ் எதை முதல் நெட்வொர்க்னு நினைக்குதோ அது வழியா போவுது. யாருமே இல்லாத இடத்துல நின்னு இது கத்திக்கினு இருந்திருக்கு.

அந்த இன்னொரு நெட்வொர்க் எதுன்னு கம்ப்யூட்டர் பின்னாடி கை விட்டேன். ஒரு யுஎஸ்பி ஒயர் தட்டுப்பட்டுது. அது நேரா போய் அண்ணனோட துண்டுக்கு அடியில முடிஞ்சுது. துண்டைத் தூக்கினா போன்.

சுவத்துல பெருசா நோட்டீஸ் ஒட்டியிருக்கு: வெளி போன் சொருகினா வேலை காலி. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஒயரைப் பிடிச்சு இழுத்திருப்பேன். அண்ணன் என் கையைத் தொடாம, கைக்குக் கிட்ட தன் கையை வெச்சார்.

"மேடம், கயட்டிடாதீங்க. பொண்ணுக்குக் காலேஜ் போட்டுக்கினு கீறேன். காலையிலேர்ந்து முட்டிக்கினு இப்பதான் உள்ள போச்சு. சாயங்காலம் மூடிடுவான்."

ஆன்லைன் இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தக் காலேஜ் வேணும்னு வரிசையா போட்டுப் பூட்டணும், அன்னைக்குத்தான் கடைசி நாள். ஊட்ல டவர் கிடைக்காது, லீவு கேட்டுக் கொடுக்கல, போன் ஸ்கிரீன்ல எழுத்து தெரியல. அதான் ஆலை கம்ப்யூட்டர்ல தன் போன் நெட்டைப் போட்டிருக்கார். காலையில புரோகிராம் ஏற்கெனவே சேர்ந்திருந்ததால தெரியல, கரண்ட் போய் வந்ததும்தான் மாட்டிக்கிச்சு. திரையில மறைச்சு வெச்சிருந்த பக்கத்துல பாதி காலேஜ் ஏறியிருந்தது. ஒயரைப் புடுங்கினா லாரி நகரும், இவரோட நெட் அறுந்துடும், மறுபடி உள்ள போக முடியுமான்னு தெரியாது. புடுங்கலன்னா மேனேஜர் வந்து பார்ப்பார்.

துண்டைத் திரும்பப் போட்டு மூடினேன். "நீங்க முடிங்க அண்ணா, இதை நான் பாத்துக்கறேன்"னு என் லேப்டாப்பைக் கொடுத்து அவரை ஓரமா உக்கார வெக்கலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். ஆனா பக்கம் திறந்திருக்கறது அந்த கம்ப்யூட்டர்ல. அதனால அவரை நகரச் சொல்லாம, பக்கத்துலயே ஸ்டூல் போட்டுக்கினு, ஒரே திரையில பாதி அவருக்கு, பாதி எனக்குன்னு வெச்சு, புரோகிராம் எழுப்பற ஃபைல்ல ஒரு வரி சேர்த்தேன். எத்தனை நெட்வொர்க் இருந்தாலும் இந்த ஒயர்லதான் கூப்பிடணும்னு சொல்ற வரி. அவசரத்துல ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். மூணாவது தடவை எழுப்பினதும் சிவப்பு போச்சு. முதல் லாரி மேடையில ஏற, கேபின் லேசா அதிர்ந்தது. அந்த அதிர்வு இப்பவும் கால்ல இருக்கு.

மேனேஜர் உள்ள வந்தார். நான் கம்ப்யூட்டரை மறைச்சு நின்னுக்கினேன். இன்னா பிரச்சனைன்னு கேட்டார்.

"விண்டோஸ்ல ரெண்டு நெட்வொர்க் காட்டுச்சு சார். எதுல கூப்பிடறதுன்னு தெரியாம முழிச்சுது. இனிமே முழிக்காது."

ஒரு எழுத்து பொய் இல்ல. அவர் போயிட்டார். கொஞ்ச நேரத்துல அண்ணன் காலேஜ் வரிசையைப் பூட்டிட்டார். கண்ணைத் துடைச்சுக்கினு எனக்கு டீ சொன்னார். பொண்ணுக்கு சிவில் கிடைச்சுது. இப்ப காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் வேலை, அப்பாவை வேலையை விட்டு நிக்க வெச்சிடுச்சு.

போன மாசம், இப்ப அந்த ஆலையைப் பார்த்துக்கற இன்ஜினியர் என் நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டார். வேபிரிட்ஜ் ஃபைல்ல ஒரு வரி கிடக்கு மேடம், எதுக்குன்னே புரியல, எடுத்துப் பார்த்தேன், எல்லாம் நல்லாத்தான் ஓடுது, தூக்கிடட்டுமான்னு கேட்டார். ஓடும்தான், இப்ப அங்க எந்த போனும் தொங்கல.

"திரும்பப் போட்டுடுங்க சார். என்னைக்காவது யாராவது அங்க போனைச் சொருகுவாங்க. அவங்க ஊட்லயும் ஒரு பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கும்."